நெய்க்காரப்பட்டிக்குப் போன அச்சு

டிசம்பர் முதல் வாரத்தில் என் மனைவி வலது கையை உடைத்துக்கொண்டாள். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கியவள், இன்னும் ஒரு படி பாக்கி இருப்பது தெரியாமல் தரை வந்துவிட்டது என்று காலை வைத்திருக்கிறாள். விழுந்தவள் கத்தவில்லை. "ஏங்க, இந்தக் கை ஒரு மாதிரி இருக்கு, செத்த வந்து பாருங்க" என்று காய்கறி வாடியிருக்கிறது என்பதுபோலத்தான் கூப்பிட்டாள்.

டாக்டர் மாவுக்கட்டுப் போட்டுவிட்டு ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார். அவள் இடது கை விரல்களை மடக்கி எண்ணினாள். எண்ணிவிட்டு, "அப்ப கிறிஸ்மஸ் பலகாரம்?" என்று அவரிடமே கேட்டாள்.

"பேக்கரி எத்தன இருக்கும்மா ஊர்ல" என்றார் அவர்.

ஆட்டோவில் ஏறியும் அவள் முகம் தெளியவில்லை. பேக்கரியில் எல்லாம் கிடைக்கும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் திண்டுக்கல்லில் எங்கள் தெரு வேறு மாதிரி. தீபாவளிக்கு ஏழெட்டு வீடுகளிலிருந்து எங்களுக்குத் தட்டு வரும். பேகம்பூரில் இருக்கும் என் கூட்டாளி வீட்டிலிருந்து ரம்ஜானுக்குத் தூக்குச் சட்டி நிறைய பிரியாணி வரும். இவற்றுக்கெல்லாம் டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி எங்கள் வீட்டிலிருந்து பதில் போகும். இரண்டே பலகாரம்தான். ஒன்று, சோழிபோலச் சுருட்டிப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்டிய சிப்பி. இன்னொன்று, பூப்போல விரிந்த அச்சு முறுக்கு. இரண்டையும் அவளே செய்வாள். இருபத்தாறு வருடங்களாக அந்த வேலையில் என் பங்கு, செய்து முடித்ததை எடுத்துக் கடித்துவிட்டு, "போன வருசம் இன்னும் கொஞ்சம் மொறுமொறுன்னு இருந்துச்சு" என்று சொல்வது.

அன்று ஆட்டோவில் அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு என்னவோ வீரம் வந்துவிட்டது.

"நான் செய்யிறேன்."

"என்னத்த?"

"பலகாரத்த. நீ சேர்ல உக்காந்து சொல்லு. அம்புட்டுதான."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆட்டோக்காரரும் கண்ணாடியில் பார்த்தார்.

என் தொழிலைச் சொல்ல வேண்டும். நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். பேகம்பூர் போகும் வழியில் சின்னக் கடை. சாணார்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் கருகிப்போன கிணற்று மோட்டார்களில் பாதி என்னிடம்தான் வரும். மயிரிழைபோன்ற செம்புக் கம்பியைச் சுற்றுப் பிசகாமல் சுற்றி, வார்னிஷ் ஊற்றி, சூடு பார்த்துக் காய வைக்கிற கைக்கு ஒரு முறுக்கு பெரிய விஷயமா என்று நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

முதலில் சிப்பி. அதில் எனக்குக் கெட்ட பெயர் வரவில்லை. மைதாவில் நெய்யும் தேங்காய்ப்பாலும் விட்டு அவள் சொன்ன பதத்தில் பிசைந்தேன். சுண்டைக்காய் அளவு உருட்டி, புதுச் சீப்பின் பல்லில் வைத்து அழுத்தி, அப்படியே சுருட்டி எடுக்க வேண்டும். பத்தாவது சிப்பியிலேயே கைக்குப் பிடிபட்டுவிட்டது. ஒன்றுபோல் ஒன்று, கோடுகூட மாறாமல் வரிசையாக அடுக்கினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "அளவெடுத்து வச்ச மாதிரி இருக்கு. சாப்பிடவே மனசு வராது" என்றாள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அன்று போன் செய்தாள். சிப்பி செய்த கதையைச் சொன்னேன். "சூப்பர்ப்பா. ஆனா எனக்கு அச்சு முறுக்கு போதும். அது இருக்குல்ல?" என்றாள்.

"இருக்கும், இருக்கும்" என்றேன்.

மறுநாள் அச்சு முறுக்குக்கு அரிசி ஊறப்போட்டாகிவிட்டது. அச்சைத் தேடினால் கிடைக்கவில்லை. அலமாரியின் மேல்தட்டு, பரண், பழைய டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்தேன். நீளக் கம்பிக் கைப்பிடியின் முனையில் பூ வடிவ இரும்பு. ஒளிந்துகொள்கிற பொருள் இல்லை அது. அவளுக்கு மாத்திரை மயக்கத்தில் எங்கே வைத்தோம் என்பது நினைவுக்கு வரவில்லை.

"விடு, கடைவீதியில புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாரேன்" என்று கிளம்பினேன். பாத்திரக் கடையில் பளபளவென்று ஒன்று கிடைத்தது. ஊறிய அரிசியைத் தேங்காய்ப்பால் விட்டு மிக்சியில் அரைத்தேன். பொடித்த சர்க்கரை, இரண்டு முட்டை, துளி உப்பு, ஒரு கை எள். தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்க்க இருக்க வேண்டும் என்றாள், அப்படியே செய்தேன். வாணலியில் கடலை எண்ணெய் காய்ந்தது. அச்சை எண்ணெயில் சூடாக்கி, மாவில் முக்கி, மறுபடி எண்ணெயில் விட்டேன்.

மாவு நன்றாகப் பொரிந்தது. ஆனால் அச்சை விட்டு வரவில்லை.

ஆட்டினேன். தட்டினேன். கரண்டிக் காம்பால் தள்ளினேன். முறுக்கு துண்டு துண்டாக எண்ணெயில் உதிர்ந்தது. மிச்சம் அச்சின் இடுக்குகளில் கருகி ஒட்டிக்கொண்டது. அவளிடம் ஊக்கு வாங்கி நோண்டி எடுத்துவிட்டு இரண்டாவது போட்டேன். அதுவும் அப்படியே. மூன்றாவது, நாலாவது. ஏழாவது முறை ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தேன். அதைக் கண்டதும் அதுவரை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் கை வலிக்கிறது, வலித்தாலும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. மாவுக்கட்டை மடியில் அணைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பன்னிரண்டு வரை போட்டேன். ஒன்றுகூட முழுதாக வரவில்லை. பல்லி முட்டை அளவுத் துணுக்குகள் ஒரு தட்டு நிறைய இருந்தன.

அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஒரு துணுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "ருசி சரியாத்தான் இருக்கு" என்றாள். பிறகு, சிரிப்பெல்லாம் அடங்கின குரலில் சொன்னாள்:

"இருபத்தாறு வருசத்துல ஒரு நாளாச்சும் இது எப்படி வருதுன்னு நீங்க வந்து நின்னு பாத்துருந்தா, இன்னைக்கு இம்புட்டுக் கஷ்டம் இருந்துருக்காது."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் உறைத்தது. மாவு ஒட்டிய பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

கழுவிக்கொண்டிருக்கும்போது உள்ளே அவள் 'ஐயோ' என்றாள். ஓடினேன். வலி இல்லை. அச்சு எங்கே என்பது நினைவுக்கு வந்துவிட்டது.

"பக்கத்து வீட்டக்கா தீபாவளிக்கு வாங்கிட்டுப் போனாங்க. குடுக்கவே இல்ல."

பக்கத்து வீடு நான்கு நாளாகப் பூட்டிக் கிடந்தது. அந்த அக்காவின் மகளை நெய்க்காரப்பட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஏழாம் மாதம். மார்கழி பிறந்தால் விசேஷம் வைக்க மாட்டார்கள் என்பதால் கார்த்திகை முடிவதற்குள் வளைகாப்பு என்று அவசரமாக ஏற்பாடாகியிருந்தது. அக்காவுக்குப் போன் போட்டோம்.

"ஆத்தாடி, மறந்தே போனேன் தம்பி!" என்றார் அக்கா. "இங்கதான் இருக்கு. சீர்ப் பலகாரத்த அங்க செஞ்சு பஸ்ல கொண்டாந்தா நொறுங்கிப் போகும்னு, அச்சையும் சாமானையும் இங்கயே தூக்கிட்டு வந்துட்டேன். நாளைக்குத்தான் அச்சு முறுக்குப் போடுறோம். நாளன்னைக்கு வளைகாப்பு. நான் வர ஒரு வாரம் ஆகுமே. அவசரமாப்பா?"

அவசரம்தான். மறுநாள் ஞாயிறு, கடை விடுமுறை. காலைப் பூசை முடிந்ததும் மனைவிக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டுப் பழனி பஸ் ஏறினேன். ஒட்டன்சத்திரத்தில் முருங்கைக்காய்க் கட்டுகளோடு ஒரு கூட்டம் ஏறி, என் காலடியெல்லாம் முருங்கைக்காய் ஆயிற்று. பழனிக்கு நடந்து போகிறவர்கள் பச்சை வேட்டியோடு சாலை ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களாவது முருகனுக்காகப் போகிறார்கள், நான் முறுக்குக்காகப் போகிறேன் என்று தோன்றியபோது எனக்கே சிரிப்பு வந்தது. பழனியில் இறங்கி டவுன் பஸ் பிடித்து நெய்க்காரப்பட்டி போய்ச் சேரும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

தென்னந்தோப்பை ஒட்டிய வீடு. பின்பக்கம் கல் கூட்டிய அடுப்பில் பெரிய வாணலி கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றவர் அக்காவின் மருமகன். எங்கள் அச்சு அவர் கையில் இருந்தது. அக்கா ஒரு பக்கம் மாவைக் கலக்கிக்கொண்டிருந்தார். மகள் நாற்காலியில் வயிற்றைத் தாங்கி உட்கார்ந்து, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சூடான முறுக்கைத் தின்றுகொண்டிருந்தாள்.

"வாங்க மாமா, வாங்க" என்றார் மருமகன். "ஏனுங்க, ஒரு அச்சுக்காகவா அவ்வளவு தூரத்திலிருந்து வந்தீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பஸ்ல குடுத்து விட்டிருப்பனுங்களே."

"நீங்க போட்டு முடிங்க மாப்ள. நான் இருந்து வாங்கிட்டுப் போறேன்."

அவர் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முக்குகிறார், எண்ணெயில் விடுகிறார், பேசிக்கொண்டே நிற்கிறார், முறுக்கு தானாகக் கழன்று மிதக்கிறது. ஒரு தட்டு இல்லை, ஒரு குத்து இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. கல்யாணத்துக்கு முன் பழனியில் ஒரு பலகாரக் கடையில் நான்கு வருடம் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றவராம். இப்போது மக்காச்சோளமும் தென்னையும்தான்.

என் பன்னிரண்டு முறுக்கின் கதையைச் சொன்னேன். ஸ்க்ரூ டிரைவர் வந்த இடத்தில் அந்தப் பெண் சிரித்த சிரிப்பில், "அடியே, பாத்து, பாத்து" என்று அக்கா பயந்துபோனார்.

"புது அச்சு அப்படித்தானுங்க மாமா" என்றார் மருமகன். "புதுக் காளையாட்டம். பழக்காம ஏர்ல பூட்டுனா எப்படிப் போகும்? மூணு நாளைக்குக் கஞ்சித் தண்ணியில ஊறப் போட்டு, அப்புறம் எண்ணெயில போட்டு நல்லாக் காய்ச்சி எடுக்கோணும். அதுக்கப்புறந்தான் மாவைக் காட்டோணும். இந்தாங்க, நீங்களே போட்டுப் பாருங்க."

அச்சை என் கையில் கொடுத்துவிட்டு அவர் தள்ளி நின்றார்.

நான் சூடாக்கினேன். மாவில் முக்கப் போனேன். "முக்காவாசிதானுங்க. மேல ஏறுச்சுன்னா மூடிக்கும், அப்புறம் உடாது" என்றார். முக்கினேன். 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம் வந்தது. எண்ணெயில் விட்டேன். விட்ட வேகத்தில் ஆட்ட ஆரம்பித்தேன்.

"ஆட்டாதீங்க மாமா. சும்மா புடிச்சுட்டு நில்லுங்க."

"எம்புட்டு நேரம்?"

"கழலோணும்னு அதுக்கே தோணோணும்."

நின்றேன். எண்ணெய் அச்சைச் சுற்றி நுரைத்தது. நுரை கொஞ்சம் அடங்கும் நேரத்தில் கையில் ஒரு சின்ன இளக்கம் தெரிந்தது. லேசாக அசைத்தேன். முறுக்கு கழன்று ஒரு சுற்றுச் சுற்றி மிதந்தது. முழுப் பூ. ஒரு இதழ்கூடக் குறையவில்லை. அந்த நேரத்தில் என் மனைவி பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

அதற்குப் பிறகு மருமகனுக்கு நான் அச்சைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. பத்து, இருபது, முப்பது என்று போட்டுக்கொண்டே போனேன். அக்கா முறத்தில் வாழையிலை விரித்து எடுத்து அடுக்கினார். எனக்குத் தலைக்கனம் ஏறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், லேசாக ஆட்டியபோது முறுக்கு கழன்றது. கூடவே அச்சும் கழன்றது. என் கையில் வெறும் கம்பி இருந்தது. அச்சு கொதிக்கிற எண்ணெய்க்கு அடியில் போய் 'டங்'கென்று உட்கார்ந்தது.

விசேஷ வீடு. நாளைக்கு வளைகாப்பு. இது ஏதாவது சகுனப் பிழையாகுமோ என்று அக்காவின் முகம் மாறுவதைப் பார்த்தேன். அந்தப் பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"மாமா, அச்சையே பொரிச்சுட்டீங்களா!"

அவள் சிரிக்க, மருமகன் சிரிக்க, கடைசியில் அக்காவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். ஜல்லிக் கரண்டியால் துழாவி அச்சை வெளியே எடுத்தோம். ஆறியதும் பார்த்தேன். கம்பியின் முனையில் அச்சைத் திருகி மாட்டுகிற மரை தேய்ந்துபோயிருந்தது. அச்சு பல வருடமாக மரையின் கடைசிச் சுற்றில்தான் தொங்கியிருக்க வேண்டும்.

இது என் இடம். "மாப்ள, ஒரு துண்டு கரண்டு ஒயர் இருக்குமா?" என்றேன். கொண்டுவந்தார். ரப்பரை உரித்து, உள்ளேயிருந்த செம்பு இழைகளில் இரண்டை எடுத்து, மரையின் பள்ளம் பார்த்து நெருக்கமாகச் சுற்றினேன். அதன்மேல் அச்சை வைத்துத் திருகினேன். குறடு வைத்து ஒரு இறுக்கு. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

மருமகன் வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தார். "இது உங்க காலத்துக்கும் கழலாதுங்க மாமா" என்றார். அந்த வார்த்தைக்காகவே அங்கிருந்து திண்டுக்கல் வரை நடந்தே வந்திருப்பேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு எல்லாம் முடிந்தது. இருந்து வளைகாப்பு பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மனைவி ஒற்றைக் கையோடு தனியாக இருக்கிறாள் என்றதும் அக்கா வற்புறுத்தவில்லை. அந்தப் பெண் ஒரு டஜன் கண்ணாடி வளையலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, "அத்தை கட்டு பிரிச்சதும் போட்டுக்கிடச் சொல்லுங்க மாமா" என்றாள். அச்சும் வளையலும் ஒரு டப்பா முறுக்குமாக பஸ் ஏறினேன். முறுக்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தேன். வேகத்தடை வரும்போதெல்லாம் டப்பாவைத் தூக்கிப் பிடித்தேன். பக்கத்தில் இருந்தவர், "உள்ள என்ன, முயலா?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு அடுப்படியில் சண்டை வந்தது. முட்டையால்.

நெய்க்காரப்பட்டியில் வளைகாப்புப் பலகாரம் என்பதால் முட்டை சேர்க்கவில்லை. தேங்காய்ப்பால் கொஞ்சம் கெட்டியாகவும் கூடுதலாகவும் விட்டிருந்தார்கள். நான் சுட்ட முறுக்கு அதுதான். எனக்கு அதுதான் சரி என்று பட்டது.

"முட்டை வேணாம்" என்றேன்.

"என்னது?"

"மாப்ள வீட்டுல முட்டை போடலை. கண்ணாடி மாதிரி ஒடையுது. நீதான் சாப்பிட்டுப் பாத்தியே."

"பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கு?" நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இருபத்தாறு வருசமா முட்டை போட்டுத்தான் செய்யிறேன். ஒரு நாள் நெய்க்காரப்பட்டி போய்ட்டு வந்து எனக்கு வாத்தியார் ஆயிட்டீங்களோ?"

"நான்தான சுடப் போறேன்."

"அச்சு என்னோடது."

கடைசியில் மாவை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாத்திரத்தில் அவள் இடது கையாலேயே இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினாள். ஓடு கொஞ்சம் உள்ளே விழுந்தது. நான் கரண்டி நுனியால் எடுத்துப் போட்டேன். இன்னொன்றில் தேங்காய்ப்பால். அன்று மத்தியானம் முழுவதும் சுட்டேன். முதல் முறுக்கு கழன்று மிதந்தபோது அவள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நான் இப்படி நிக்க மாட்டேன். தட்டித்தான் விடுவேன்" என்றாள். "இது நல்லாருக்கே."

இரண்டு வகையையும் கலந்துவிடாமல் இரண்டு டின்களில் போட்டு, மார்க்கர் பேனாவால் ஒரு மூடியில் 'மு' என்றும் இன்னொன்றில் 'மு இல்லை' என்றும் எழுதினேன். இருபத்துமூன்றாம் தேதி வந்த மகள் பையைக்கூட இறக்காமல் டின்னைத் திறந்தாள். நான் சுட்டது என்றதை அவள் நம்பவில்லை. "அம்மா, ஒரு கையோட நீ செஞ்சிட்டு அப்பா பேரைச் சொல்றியா?" என்றாள். மிச்சமிருந்த மாவை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அவள் முன்னால் நான்கு சுட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. அதை வீடியோ எடுத்து அவளுடைய ஆபீஸ் ஆட்களுக்கு அனுப்பினாள்.

கிறிஸ்மஸ் அன்று காலையில் பூசை முடிந்து வந்ததும் தட்டுகளை அடுக்கினோம். சிப்பி ஒரு பக்கம், அச்சு முறுக்கு ஒரு பக்கம், இரண்டு வாழைப்பழம். வழக்கமாக மனைவிதான் கொண்டுபோய்க் கொடுப்பாள். இந்த முறை நான் போனேன். என் கைவேலைக்கு நானே சாட்சி சொல்ல வேண்டாமா?

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தம்பதி இருக்கிறார்கள். குடிவந்து பதினொரு வருடம் ஆகிறது. அமைதியானவர்கள். சைவம். அதனால் கறிக் குழம்பெல்லாம் அவர்களுக்கு அனுப்ப மாட்டோம். பலகாரத் தட்டு மட்டும் தவறாமல் போகும். அவரும் தவறாமல் வாங்கிக்கொள்வார். அவருக்குக் கொடுக்க என் டின்னிலிருந்து, அதாவது 'மு இல்லை'யிலிருந்து, எடுத்து வைத்தேன். என் பக்குவத்துக்கு வெளியாள் ஒருவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று ஆசை.

கதவைத் திறந்தார். "ஹேப்பி கிறிஸ்மஸ். அம்மாவுக்குக் கை எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே தட்டை வாங்கினார்.

"பரவால்ல சார். இந்த வருசம் எல்லாம் நான் செஞ்சது. அச்சு முறுக்கு புது மாதிரி. முட்டையே போடலை."

உள்ளே திரும்பப் போனவர் நின்றார்.

"முட்டை இல்லையா?"

"ஒரு சொட்டு இல்ல."

அவர் வாசலிலேயே, தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். மென்றார். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொன்றை எடுத்தார். "ஏம்மா, இங்க வா!" என்று உள்ளே குரல் கொடுத்தார். அவர் மனைவி ஈரக்கையோடு வந்தார். "முட்டை இல்லையாம்" என்று அவர் சொன்னதும் அந்த அம்மாவும் ஒன்றை எடுத்துக்கொண்டார். நான் நின்றுகொண்டிருக்கும்போதே நான்கு காலியாயிற்று.

"தப்பா நெனைக்கக் கூடாது" என்றார் அந்த அம்மா. "நாங்க முட்டை சாப்பிடுறதில்ல. வருசா வருசம் ஆசையாக் கொண்டு வந்து குடுப்பாங்க. எப்படிச் சொல்றது? சிப்பியை நாங்க வச்சுக்கிட்டு, முறுக்கை வேலைக்கு வர்ற அம்மாகிட்ட குடுத்துருவோம். அவங்க பிள்ளைகளுக்கு இதுன்னா உசுரு."

"பதினோரு வருசமாவா?"

"பாக்க அம்புட்டு அழகா இருக்கும். எடுத்து எடுத்துப் பாத்துட்டுக் குடுப்பேன்" என்றார் அந்த அம்மா.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் தலையில் இடது கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "கறி மீனுதான் சாப்பிட மாட்டாங்கன்னு நெனச்சேன். அதுல முட்டை கெடக்குன்னு எனக்குத் தோணவே இல்லையே! போன வருசம் 'எப்படி இருந்துச்சு'ன்னு கேட்டதுக்கு, 'ரொம்பப் பிரமாதம்'னு சொன்னாரே அந்த மனுசன்!" என்று புலம்பினாள். வெட்கமும் சிரிப்பும் மாறி மாறி வந்தன. பிறகு எழுந்து, 'மு இல்லை' டின்னை அப்படியே இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடந்து போனாள். "எனக்கு?" என்று மகள் பின்னாலேயே கத்தினாள்.

அரை மணி நேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பி வந்தாள். கூடவே எதிர்வீட்டு அம்மாவும் வந்தார், நோட்டும் பேனாவுமாக. பொங்கலுக்குப் பேரப் பிள்ளைகள் வருகிறார்களாம், செய்முறை வேண்டுமாம்.

"அவர்கிட்டயே கேளுங்க" என்று என் மனைவி என்னைக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"முதல்ல அச்ச எண்ணெயில வச்சு நல்லாச் சூடு பண்ணணும்ங்க" என்று ஆரம்பித்தேன்.

"முதல்ல அரிசியை ஊறப் போடணும்" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

அந்த அம்மா நான் சொன்னதை அடித்துவிட்டு, அதை எழுதிக்கொண்டார்.